மூன்றாம் மாடி பால்கனியில் மண்புழுத் தொட்டி: முதலில் படுக்கை, பிறகுதான் புழு

வேளச்சேரியில் மூன்றாம் மாடி, நாலடி அகல பால்கனி, வீட்டில் மூன்று பேர். சமையலறைக் கழிவை உரமாக்கலாம் என்று போன சித்திரையில் அரைக்கிலோ மண்புழு வாங்கி வந்து, அன்று மாலையே ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் காய்கறிக் கழிவோடு போட்டிருக்கிறீர்கள். நாலாம் நாள் பாதி செத்துக் கிடந்தது, மீதி சுவரில் ஊர்ந்தது. நாற்றம் தாங்காமல் மாமியார் எல்லாவற்றையும் தூக்கிப் போடச் சொல்லிவிட்டார். எங்கே தப்பு நடந்தது, மறுபடி தொடங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகத் தொடங்கலாம். நடந்த தப்பு ஒன்றுதான்: புழு வந்த அன்று அதற்கு வீடு இல்லை, சாப்பாடு மட்டும் இருந்தது. அந்தச் சாப்பாடும் அதற்கு ஆகாத நிலையில் இருந்தது.

மண்புழுவுக்குப் பல் கிடையாது. பச்சைக் கத்தரிக்காய்க் காம்பை அது கடிக்காது. காம்பு அழுகத் தொடங்கி, அதன் மேல் பாக்டீரியாவும் பூஞ்சையும் படர்ந்து, கொழகொழவென்று ஆன பிறகுதான் வாயில் எடுக்கும். உண்மையில் அதற்கு ஊட்டம் தருவதில் பெரும்பங்கு அந்த நுண்ணுயிர்களுடையது. கோழிக்கு இருப்பதுபோல் மண்புழுவுக்கும் அரைவைப்பை உண்டு. கூடவே விழுங்கும் மணல் துகள்தான் அங்கே அம்மிக்கல். இன்னொன்று, அது தோலால் மூச்சு விடும். தோல் காய்ந்தால் மூச்சு நிற்கும். காற்றுப் புகாத சேற்றில் சிக்கினாலும் மூச்சு நிற்கும். பச்சைக் கழிவு குவியலாகக் கிடந்தால் அழுகும்போது சூடேறும், புளிக்கும். நல்ல படுக்கை, அதாவது புழு தங்கி வாழும் ஈரமான நார், இலைக் கலவை, இருந்தால் புழு அந்தப் பக்கம் போகாமல் ஒதுங்கி உயிர் பிழைக்கும். உங்கள் பெட்டியில் ஒதுங்க இடமே இல்லை. சித்திரை வெயில் வேறு. சுவரில் ஊர்ந்தவை உயிருக்குத் தப்பி ஓடியவை.

அதனால் இந்த முறை கடைசியாகப் புழு வாங்குங்கள். முதல் மூன்று வாரம் படுக்கைக்கு.

பெட்டியைப் பற்றி நிறையப் பேச ஒன்றுமில்லை. இரண்டடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், ஓரடி ஆழம் உள்ள எந்தப் பிளாஸ்டிக் டப்பும் போதும். ஒளி ஊடுருவாத நிறமாக இருக்கட்டும். உயரமான டிரம் வேண்டாம். உரம் செய்யும் புழுக்கள் மேல் அரையடிக்குள்ளேயே வாழ்பவை; அதற்குக் கீழே கனம் ஏறி, காற்று போகாமல் நாறும். அடியில் இருபது துளை, சுண்டு விரல் நுனி அளவுக்கு. மேல் விளிம்பை ஒட்டிச் சுற்றிலும் சிறு துளைகள். அடியில் கொசுவலைத் துண்டு ஒன்றை விரியுங்கள். நாலு செங்கல் மேல் தூக்கி வைத்து, கீழே ஒரு தட்டு. கடைகளில் விற்கும் அடுக்குத் தொட்டிகள் பார்க்க அழகாக இருக்கும், வேலையும் செய்யும். ஆனால் முதல் தொட்டிக்கு அந்தச் செலவு தேவையில்லை.

வாஷிங் மெஷின் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள். மண்புழுவுக்குக் காது கிடையாது, ஆனால் அதிர்வு நன்றாகத் தெரியும். சார்லஸ் டார்வின் இதைச் சோதித்துப் பார்த்தவர். பக்கத்தில் பியானோ எவ்வளவு உரக்க வாசித்தும் தொட்டியில் இருந்த புழுக்கள் அசையவில்லை. தொட்டியைப் பியானோ மேலேயே வைத்து அதன் சுரக்கட்டை ஒன்றைத் தட்டியதும் வளைக்குள் ஓடி ஒளிந்தன. 1881-இல் அவர் எழுதியது இது.

இனி படுக்கை. எல்லாமே இதில்தான் இருக்கிறது.

நம் ஊரில் கைக்கு எட்டுவது தென்னை நார்க் கழிவு, அதாவது கோகோபீட் கட்டி. அதில் உப்பு இருக்கும். ஊறவைத்து, உதிர்த்து, பிழிந்து, அந்தப் பழுப்புத் தண்ணீரைக் கொட்டி, மறுபடி ஊறவைத்து, இப்படி மூன்று முறை அலசுங்கள். அலசாமல் போட்டால் உப்புக்கண்டம் போட்ட மாதிரிதான், புழு சுருண்டுவிடும். அலசிய நாரில் இரண்டு பங்குக்கு ஒரு பங்கு மக்கிய மாட்டுச் சாணம், ஒரு பங்கு கையால் நொறுக்கிய காய்ந்த இலை, விரல் அகலத்துக்குக் கிழித்த செய்தித்தாள் அல்லது முட்டை அட்டை. பளபளப்பான வண்ணத் தாள் வேண்டாம். ஒரு பிடி தோட்ட மண்ணும் சேருங்கள். அம்மிக்கல் என்றேனே, அதற்கு.

சாணம் புதிதாக இருக்கக் கூடாது. புதுச் சாணத்தில் சூடும் அமோனியாவும் இருக்கும். குறைந்தது இரண்டு வாரம் நிழலில் கிடந்து, கையில் எடுத்தால் மண் வாசம் வர வேண்டும், சாண வாசம் வரக் கூடாது. சாணம் கிடைக்கவில்லையா, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஒரு தொட்டியிலிருந்து இரண்டு பிடி பழைய படுக்கை கேட்டு வாங்கிக் கலந்தாலும் போதும். அதில் நுண்ணுயிர்கள் நிறைந்திருக்கும். தயிருக்கு உறை ஊற்றுவது போல.

ஈரம் எவ்வளவு? ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஒரு சொட்டு, மிஞ்சினால் இரண்டு சொட்டு எட்டிப் பார்க்க வேண்டும். கையை விரித்தால் உருண்டை நிற்க வேண்டும், கட்டைவிரலால் தொட்டால் உதிர வேண்டும். தண்ணீர் ஓடினால் உலர்ந்த தாள் சேருங்கள். உருண்டையே பிடிக்கவில்லை என்றால் தெளியுங்கள். தெளிக்கும் தண்ணீரையும் கவனிக்க வேண்டும். குழாய்த் தண்ணீர் என்றால் ஓர் இரவு வாளியில் திறந்து வைத்து, குளோரின் போன பிறகு பயன்படுத்துங்கள். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று பலர் தொட்டியில் ஊற்றுகிறார்கள். தண்ணீரில் உள்ள உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கிறது. அது வீடு துடைக்கட்டும்.

இந்தப் படுக்கையை எட்டு அங்குல உயரத்துக்கு நிரப்பி, ஈரக் கோணிச்சாக்கால் மூடி, சும்மா விடுங்கள். தினம் ஒரு முறை கையை உள்ளே விட்டுப் பாருங்கள். முதல் சில நாள் வெதுவெதுப்பாக இருக்கலாம். இரண்டு மூன்று வாரத்தில் அந்தச் சூடு அடங்கி, கை குளிரும். சாக்கைத் தூக்கினால் முதல் மழை வாசம் வரும். அந்த வாசம் வந்த பிறகுதான் புழு வாங்கக் கிளம்ப வேண்டும்.

எந்தப் புழு? பால்கனிச் செடித் தொட்டியைத் தோண்டி எடுக்கும் வெளிறிய புழு வேண்டாம். அது மண்ணைத் தின்று மண்ணுக்குள் வாழ்வது, குப்பையில் தங்காது. உரத்துக்கு ஆகும் மேல்மட்டப் புழுக்களில் நம் பக்கம் அதிகம் விற்பது யூட்ரிலஸ் யூஜினியே என்ற ஆப்பிரிக்கப் புழு. நீளமாக, ஊதா கலந்த பழுப்பில் இருக்கும். நம் வெப்பத்துக்கு ஒத்துப்போகும், நிறையத் தின்னும். அடிக்கடி கிளறினால் மட்டும் அதற்குப் பிடிக்காது. ஐசீனியா ஃபெடிடா என்னும் சிவப்புப் புழுவை உலகம் முழுக்க வளர்க்கிறார்கள், ஆனால் அது குளிர்ச்சியை விரும்புவது. ஊட்டி, கொடைக்கானல் வீடுகளுக்கு அதைத்தான் சொல்வேன். சென்னை மே மாதத்தில் அதைக் காப்பாற்றுவது கூடுதல் வேலை. மூன்றாவது, நம் நாட்டுப் புழு, பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ். மெலிதாக இருக்கும், வெளிச்சத்தில் முதுகில் நீலம் மின்னும், தொட்டால் துள்ளும். பழைய சாணக் குவியலின் அடியில் மழைக்காலத்தில் பார்த்திருப்பீர்கள். சென்னை நியூ கல்லூரியில் பணியாற்றிய மண் உயிரியல் ஆய்வாளர் சுல்தான் அகமது இஸ்மாயில், உள்ளூர்ப் புழுக்களைக் கொண்டே உரம் செய்யலாம் என்று பல ஆண்டுகளாக வலியுறுத்தி வருபவர். எனக்கும் அதில் உடன்பாடு உண்டு. ஆனால் நாட்டுப் புழு மழைக்கு முன்னால் கூட்டமாக வெளியேறப் பார்க்கும். முதல் தொட்டி, அதுவும் மாமியார் கவனிக்கும் தொட்டி என்பதால், உங்களுக்கு ஆப்பிரிக்கப் புழுவைச் சொல்கிறேன். ஒரு வருடம் கை பழகிய பிறகு நாட்டுப் புழுவுக்கு மாறுங்கள்.

கால்கிலோ போதும். பல மாவட்ட வேளாண் அறிவியல் நிலையங்களில் மண்புழு உரப் பயிற்சி நடக்கும். அங்கே விசாரித்தால் புழு கிடைக்கும் இடம் தெரியும். பக்கத்தில் இயற்கை விவசாயி யாராவது இருந்தால் இன்னும் நல்லது. அவர் படுக்கையோடு சேர்த்து அள்ளித் தருவார். பழகிய படுக்கையோடு வரும் புழு சீக்கிரம் நிலைகொள்ளும்.

மாலையில் கொண்டுவந்து படுக்கையின் மேல் பரப்புங்கள், தோண்டிப் புதைக்க வேண்டாம். அரைமணி நேரத்தில் தாமாகவே உள்ளே இறங்கிவிடும். இறங்காமல் மேலேயே கிடப்பவை பெரும்பாலும் அடிபட்டவை, எடுத்துவிடுங்கள். முதல் மூன்று இரவு தொட்டிக்கு மேலே பால்கனி விளக்கு எரியட்டும். வெளிச்சத்துக்குப் பயந்து வெளியே வராது. நாலாம் நாளிலிருந்து விளக்கு தேவைப்படாது. அப்படியும் வெளியேறினால் படுக்கையில் ஏதோ சரியில்லை என்று அர்த்தம்; ஓடும் புழுவைத் திட்டாமல் படுக்கையைச் சோதியுங்கள்.

முதல் வாரம் சாப்பாடே வேண்டாம், படுக்கையிலேயே இருக்கிறது. அதற்குப் பிறகு ஒரு மூலையில் ஒரு பிடி. அடுத்த பிடி அடுத்த மூலையில், முதல் பிடி பாதிக்கு மேல் மறைந்த பிறகு. இப்படி நாலு மூலையும் சுற்றி வரும்போது முதல் மூலை காலியாகியிருக்கும். காலியாகவில்லை என்றால் நிறுத்துங்கள். போட்டதை எப்போதும் ஓரங்குலம் படுக்கையால் மூடுங்கள். மூடாத தீனிதான் ஈயை அழைக்கும்.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நிலைகொண்ட தொட்டியில் புழு தன் எடையில் பாதி வரை ஒரு நாளைக்குத் தின்னும். கால்கிலோ புழு என்றால் நூறு கிராம் சொச்சம். மூன்று பேர் சமையலில் அதைவிட அதிகம் கழிவு வரும். முதல் இரண்டு மூன்று மாதம் எல்லாவற்றையும் இது ஏற்காது. புழு பெருகப் பெருகத்தான் கொள்ளும். மிச்சத்துக்குப் பக்கத்தில் ஒரு மண்தொட்டி வைத்து, கழிவு ஒரு பங்கு, காய்ந்த இலை இரண்டு பங்கு என்று போட்டு வாருங்கள். அது வெறும் மக்குத் தொட்டி. ஒரு வாரம் அதில் கிடந்து குழைந்ததை அள்ளிப் புழுவுக்குப் போட்டால், பச்சையாகப் போடுவதைவிட வேகமாகத் தின்னும், சூடும் ஏறாது. நான் இப்போது புழுவுக்கு நேரடியாக எதையும் போடுவதில்லை, எல்லாம் அந்த மக்குத் தொட்டி வழியாகத்தான்.

நம் சமையலறையில் எது ஆகும், எது ஆகாது? கீரைத்தண்டு, பூசணிக் குடல், வாழைப்பழத் தோல், தர்பூசணித் தோல், வடிகட்டிய டீத்தூள், காபிச் சக்கை, முருங்கை ஈர்க்கு எல்லாம் ஆகும். தர்பூசணி போட்ட மூலையை இரண்டு நாள் கழித்துத் திறந்தால் புழு கொத்துக் கொத்தாக அப்பியிருக்கும், அவ்வளவு பிடிக்கும். வெங்காயத் தோல், பூண்டுத் தோல் கொஞ்சம் போனால் பாதகமில்லை; கறிவேப்பிலை மெதுவாக மக்கும், கிடக்கட்டும். எலுமிச்சை மூடியும் புளிச் சக்கையும் புளிப்பு. புளிச் சக்கையில் சில நேரம் உப்பும் இருக்கும். இரண்டையும் மக்குத் தொட்டிக்கு அனுப்புங்கள். சாம்பாரில் போட்டு மென்று துப்பிய முருங்கைக்காய்ச் சக்கை, தாளித்த பொரியல் மிச்சம், ஊறுகாய், எண்ணெய்ப் பண்டம், தயிர், மீன் கழிவு, கறி எதுவும் வேண்டாம். முட்டை ஓட்டைக் காயவைத்து மிக்சியில் பொடித்து, வாரம் ஒரு ஸ்பூன் தூவுங்கள். புளிப்பை அது அடக்கும். அதற்குப் பதிலாகச் சுண்ணாம்பு போடலாமா என்று கேட்பார்கள். கூடாது, காரம் தோலைச் சுட்டுவிடும்.

மாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். என் தொட்டி மூன்றாம் வருடத்தில் அருமையாக ஓடிக்கொண்டிருந்தது. ஊருக்குப் போய் வந்தபோது ஃபிரிட்ஜில் இட்லி மாவு அதிகமாகப் புளித்துவிட்டது. அரிசியும் உளுந்தும்தானே, புழுவுக்குத் தெம்பாக இருக்கும் என்று ஒரு கிண்ணம் மாவைப் பரப்பி ஊற்றினேன். மூன்றாம் நாள் சாக்கைத் தூக்கியபோது கள் வாசம். மேலே கிடந்த புழுக்கள் ஒவ்வொன்றும் பாசிமணி கோத்த மாதிரி, ஓரிடம் வீங்கி ஓரிடம் ஒடுங்கி, நெளியக்கூட முடியாமல் கிடந்தன. புரதமும் மாவும் மிஞ்சிய தொட்டியில் வரும் நோய் அது. உள்ளேயே புளித்து, வாயு சேர்ந்து, உடல் அங்கங்கே புடைத்துவிடும். மாவு பட்ட படுக்கையை முழுக்க அள்ளி எறிந்து, உலர்ந்த தாளும் முட்டை ஓட்டுப் பொடியும் கலந்து, பத்து நாள் ஒன்றும் போடாமல் விட்டேன். கால்வாசிதான் மிஞ்சியது. அன்று நான் கையால் அள்ளி வெளியே போட்ட புழுக்களை இன்னும் மறக்கவில்லை. மிஞ்சிய மாவை அக்கம்பக்கத்தில் யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

நாற்றத்துக்கு மாமியார் பயப்படுவது நியாயம். ஆனால் சரியான தொட்டி நாறாது. நாறினால் அது செய்தி. அழுகிய முட்டை வாசம் என்றால் ஈரம் மிஞ்சி, காற்று போகவில்லை. கிழித்த அட்டையைச் சேர்த்து, மேலாகக் கிளறி, அடித்துளை அடைத்திருக்கிறதா பாருங்கள். மூக்கில் ஏறும் அமோனியா வாசம் என்றால் பச்சைக் கழிவு அதிகம். காய்ந்த இலை போடுங்கள். புளித்த வாசம் என்றால் தீனி மிஞ்சிவிட்டது, நிறுத்துங்கள். மூன்றுக்கும் பொதுவான மருந்து, ஒரு வாரப் பட்டினி. பட்டினியால் புழு செத்து நான் பார்த்ததில்லை, தீனி மிஞ்சிச் செத்ததைத்தான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

எறும்பு வந்தால் படுக்கை காய்ந்திருக்கிறது என்று பொருள். ஈரத்தை ஏற்றிவிட்டு, செங்கல்லுக்குப் பதில் நாலு கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, அதில் கால் வைத்த ஸ்டூல் மேல் தொட்டியை வையுங்கள். அந்தக் காலத்தில் சாப்பாட்டு அலமாரிக்குப் பாட்டி செய்ததுதான். கிண்ணத்துத் தண்ணீரை இரண்டு நாளுக்கு ஒரு முறை மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் கொசு வரும். எறும்புப் பொடி, எறும்பு சாக்பீஸ் பக்கத்தில்கூட வரக் கூடாது. பழ ஈ வந்தால் புதைப்பது போதவில்லை. பூரான் தென்பட்டால் இடுக்கியால் எடுத்துவிடுங்கள், அது புழுவைத் தின்னும். சாம்பல் நிறத்தில், தட்டையாக, கட்டை கட்டையாக நெளியும் கொழுத்த புழுவைப் பார்த்தால் அலற வேண்டாம். அது ஒரு வகை ஈயின் லார்வா, கழிவைத்தான் தின்கிறது.

வெயில்தான் உண்மையான எதிரி. கத்திரி தொடங்கும் முன்பே தொட்டியைப் பால்கனியிலிருந்து சமையலறை மேடைக்கடியிலோ நிழலான மூலையிலோ நகர்த்துங்கள். சாக்கைக் காலையும் மாலையும் நனையுங்கள். தீனியைப் பாதியாக்குங்கள், அழுகும் தீனியே சூடு கொடுக்கும். மதியம் கை வைத்தால் படுக்கை வெதுவெதுவென்று இருந்தால், ஃபிரீசரில் உறைந்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றி மேலே ஒரு ஓரமாக வையுங்கள். புழுக்கள் பாட்டிலுக்குக் கீழே வந்து கூடும்.

ஒன்றரை மாதம் போனதும் ஒரு பிடி படுக்கையை வெள்ளைத் தட்டில் போட்டுக் கிளறிப் பாருங்கள். கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக, ஒரு முனை கூர்ந்து, பழுப்பில் உருண்டைகள் இருக்கும். அவை புழுவின் முட்டைக்கூடுகள். முதலில் வெளிறி இருந்து, பொரியும் நாள் நெருங்க நிறம் ஏறும். ஒரு கூட்டிலிருந்து இரண்டு மூன்று குஞ்சுகள் வரும், வெள்ளை நூல் துண்டு போல. முதல் தடவை அந்த நூல் நெளிவதைப் பார்த்தபோது நான் வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். உங்கள் மாமியாரையும் கூப்பிட்டுக் காட்டுங்கள். முட்டைக்கூடு இருக்கிறது என்றால் தொட்டி பிழைத்துவிட்டது. கழுத்துப் பக்கம் தடித்த வளையம் உள்ளவை வளர்ந்த புழுக்கள். ஆண், பெண் என்று தனித்தனியே கிடையாது. ஆனாலும் முட்டையிட இரண்டு சேர வேண்டும். எந்தப் புழுவையும் வெட்டினால் இரண்டு புழுவாகும் என்பது உண்மையில்லை, குழந்தைகளிடம் அதைச் சொல்லாதீர்கள்.

மூன்றாம் மாத வாக்கில் படுக்கை கறுத்து, டீத்தூள் போலப் பொலபொலவென்று ஆகியிருக்கும். நாலு நாள் தண்ணீர் தெளிக்காமல் விட்டு, வெளிச்சமான இடத்தில் பாலித்தீன் தாளில் கூம்பாகக் குவியுங்கள். புழு வெளிச்சத்துக்குப் பயந்து அடிக்கு இறங்கும். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை குவியலின் மேல் அடுக்கை வழித்தெடுங்கள். கடைசியில் தாளில் புழு உருண்டையாக மிஞ்சும். புதுப் படுக்கையில் விடுங்கள். எடுத்த உரத்தைச் சலித்து, நிழலில் வைத்து, துளையிட்ட டப்பாவில் போடுங்கள். வெயிலில் காயவைத்தால் அதில் உள்ள உயிர் போய்விடும். ஒரு செடித் தொட்டிக்கு மாதம் இரண்டு பிடி. புதிதாக நடும்போது மண் கலவையில் ஐந்தில் ஒரு பங்கு. காய்கறிக் கழிவில் பெரும்பகுதி தண்ணீர்தான் என்பதால் கூடை கூடையாகப் போட்டும் கொஞ்சம்தான் கிடைக்கும். அதைப் பார்த்து மனம் தளர வேண்டாம்.

அடித்தட்டில் சொட்டும் பழுப்புத் தண்ணீரை ‘வெர்மிவாஷ்’ என்று பலர் நினைக்கிறார்கள். வெர்மிவாஷ் என்பது புழு நிறைந்த படுக்கை வழியாக நல்ல தண்ணீரை மெல்ல வடித்து எடுப்பது. தட்டில் சொட்டுவது மக்கியதும் மக்காததும் கலந்த கசிவு. வாசமில்லாமல் இருந்தால் பத்து மடங்கு தண்ணீர் கலந்து பூச்செடிக்கு ஊற்றலாம், கீரைக்கு வேண்டாம். நாறினால் கொட்டிவிடுங்கள். நிறையக் கசிந்தால் ஈரம் அதிகம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பெருங்குடி குப்பைமேடு உங்கள் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று உங்களுக்கே தெரியும். காற்று இந்தப் பக்கம் வீசும் நாளில் மாமியாருக்கும் தெரிந்திருக்கும். குப்பையை வீட்டிலேயே பிரிக்க வேண்டும் என்று திடக்கழிவு விதிகளே சொல்கின்றன. பிரித்த ஈரக்குப்பை வீட்டு வாசலையே தாண்டாமல் இருந்தால் இன்னும் நல்லதல்லவா, அதைச் சொல்லி அவரைக் கூட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, பொங்கலுக்குப் பத்து நாள் ஊருக்குப் போனால் என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். கிளம்பும் முன் நிறையப் போட்டுவிட்டுப் போகத் தோன்றும். வேண்டாம். ஒரு துண்டு பூசணியைத் தோல் மேலிருக்குமாறு கவிழ்த்து வையுங்கள், கிழித்த அட்டையை நன்றாக நனைத்து மேலே இரண்டங்குலம் பரப்புங்கள், ஈரச் சாக்கை இரண்டாக மடித்துப் போர்த்துங்கள். திரும்பி வந்ததும் பூசணியைத் தூக்கிப் பாருங்கள், தோல் மட்டும் கிண்ணம் போல மிஞ்சியிருக்கும்.